மணலில் விட்ட நான்கு விரல்

இன்று காலை உன் சைக்கிளின் சீட்டைக் கழற்றினேன். வாங்கிப் பதினோரு வருஷமாகிறது. பூட்டிக் கொடுத்த பிறகு அந்தப் போல்ட்டில் நான் ஸ்பானர் வைத்தது இதுதான் முதல் தடவை. தளர்த்திவிட்டு, சீட்டை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தேன். கம்பெனி கொடுக்கும் சீட் பைப் ஒரு சாண்தான் இருக்கும். பொன்னேரிக் கடையில் இத்தனை வருஷமாகப் பாகம் பாகமாகச் சைக்கிள் பூட்டுகிறவன் நான், எனக்குத் தெரியாதா? ஒரு சாண் வந்தது. அதற்கு மேலும் வந்தது. ஒன்றரைச் சாணையும் தாண்டிய பிறகுதான் அதன் அடிமுனை வெளியே வந்தது.

அது கம்பெனி பைப்பே இல்லை. படகுக்குப் போடுகிற ஸ்டீல் பைப். யாரோ அளவாக அறுத்து, முனையை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருந்தார்கள். கிரீஸும் உப்பும் மீன் செதிலும் கலந்து, நீ சாயந்தரம் வீட்டுக்குள் நுழையும்போது வருமே, அந்த வாசனை அதில் இருந்தது. நான் பூட்டிக் கொடுத்த நாளில் வைத்த உயரத்தில் அதிலும் ஒரு கீறல் தெரிந்தது. அதற்கு நான்கு விரல் கீழே, பைப்பைச் சுற்றி சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு கோடு.

நம் மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். "நைனா, இது என் நெயில் பாலிஷ். ஆறாவது படிக்கும்போது காணாம போச்சுனு அழுதேனே, அது" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. நான் பைப்போடு வாசற்படியில் உட்கார்ந்தேன்.

நீ போய் இந்தத் தை வந்தால் ஒரு வருஷம். உன்னிடம் கேட்க எனக்கு ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. அளவு தப்பு என்று ஏன் என்னிடம் சொல்லவில்லை? நீ சொல்லாமல் விட்டது சைக்கிள் விஷயம் மட்டும் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நமக்குக் கல்யாணம் ஆனபோது நம் கோட்டைக்குப்பத்திலேயே பழவேற்காட்டு ஏரிக்கும் போகாத, கடலுக்கும் போகாத ஆம்பளை நான் ஒருத்தன்தான். "படவு இல்லாதவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்று என் நைனாவே தெருவில் நின்று கேட்டிருக்கிறார். உன் வீட்டில் கொடுத்தார்கள். நீ ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, நெல் விளைகிற ஊர்ப்பக்கமாக நடந்து போய் விற்றாய். பஸ்ஸில் மீன் கூடையை ஏற்ற மாட்டார்கள். ஷேர் ஆட்டோ மெயின் ரோட்டை விட்டு இறங்காது. நீ போய்ச் சேருவதற்குள் ஐஸ் கரைந்து, பாதி மீனுக்குக் கண் உள்ளே போய்விடும்.

"ஊருக்கெல்லாம் சைக்கிள் பூட்டுற. எனுக்கு ஒண்ணு பூட்ட மாட்டியா?" என்று ஒருநாள் கேட்டாய்.

அப்படி ஒருத்தி கேட்ட பிறகு சும்மா இருக்க முடியுமா? நாலு மாதம் நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. கடைக்கு வந்த ஒவ்வொரு ஃபிரேமையும் அளந்தேன். சைக்கிள் வருகிற அட்டைப்பெட்டிகளைக் கிழித்து, பின்பக்கம் படம் போட்டு, கோடு இழுத்து, எண் எழுதி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நீ அவற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாயா இது, கோலமா?" என்பாய். கம்பெனிப் பெயர்கள் உன் வாயில் நுழையாது. பச்சை, நீலம், சிவப்பு என்று பெயின்ட்டை வைத்துத்தான் சொல்வாய். நானும் அப்படியே எழுதுகிறேன்.

சைக்கிள் அளவில் ஒவ்வொருத்தன் கணக்கும் ஒரு தினுசு. பெடல் சுற்றுகிற அச்சின் நடுவிலிருந்து, சீட் பைப் இறங்குகிற குழலின் உச்சி வரைக்கும் அளந்து பதினெட்டு இன்ச் என்று எழுதுவான் பச்சைக்காரன். நீலக்காரன் அதே அச்சிலிருந்து, மேல் பைப் வந்து சேருகிற இடம் வரைக்கும்தான் அளப்பான். அதற்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிற குழல் அவன் கணக்கில் வராது. ஆகவே நீலத்தில் பதினெட்டு என்றால், பச்சையில் அது பத்தொன்பது. லேடீஸ் சைக்கிளில் மேல் பைப் சரிந்து இறங்கிவிடும். அதற்கு, இல்லாத பைப்பை இருப்பதாக நினைத்துக்கொண்டு அளக்க வேண்டும். சிவப்புக்காரனுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. சக்கரம் இருபத்தாறு என்று மட்டும் எழுதிவிட்டு, எல்லார் தலையிலும் ஒரே ஃபிரேமைக் கட்டிவிடுவான்.

அளவோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. சிவப்பில் பின் சக்கரம் இரண்டு விரல் தள்ளிப் பின்னால் இருக்கும், கேரியரில் மீன் நிரப்பிய அன்னக்கூடை வைத்தால் மிதிக்கும்போது குதிகால் இடிக்காது. நீலத்தில் சீட் குழல் அதிகமாகச் சாய்ந்திருக்கும். ஆள் பாரமும் மீன் பாரமும் சேர்ந்து பின்னால் விழுந்து, பாலம் ஏறும்போது முன் சக்கரம் தரையை விடப் பார்க்கும். பச்சையில் முன் ஃபோர்க் நன்றாக வளைந்து முன்னே நீண்டிருக்கும், மணல் ரோட்டில் ஹேண்டில் ஆடாது. ஆனால் ஹேண்டில் கொஞ்சம் எட்டம். இத்தனையையும் உனக்கு வரிசையாக விளக்குவேன். நீ காரப்பொடி மீன் ஆய்ந்துகொண்டே "ம்" போடுவாய். ஒருநாள், "மீனுக்கு வாங்குறியா, எனுக்கு வாங்குறியா?" என்று கேட்டாய். அந்தக் கேள்வியை அன்றைக்கு நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

கடைசியில் உன் காலை அளக்க வேண்டி வந்தது. நீ ஏலத்திலிருந்து ஈரப் புடவையோடு வந்து நின்றாய். நம் வீட்டு வாசலில், சுவரை ஒட்டிக் காற்று கொண்டுவந்து குவித்த மணலில், உன்னை வெறுங்காலோடு நிறுத்தினேன். ஒரு பலகையைக் கொடுத்து, காலுக்கு நடுவே எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு ஏற்றிப் பிடிக்கச் சொன்னேன். பலகை தொட்ட இடத்தில் சுவரில் ஆணியால் கீறினேன். "இன்னாடா, பொண்டாட்டிக்கு பேண்ட் தெக்கிறியா?" என்று தெருவே சிரித்தது. நீயும் சிரித்தாய், பலகை ஆடியது, "ஆடாதமே" என்று உன்னை அதட்டினேன்.

நம் ஊரில் எதையும் அப்படித்தான் அளப்போம். படகு தள்ளுகிற கழியை ஆளுக்கு ஏற்றபடி வெட்டும்போது, மணலில் ஆளையும் நிறுத்தி, பக்கத்தில் கழியையும் ஊன்றுவோம். ஆளும் அமிழ்வான், கழியும் அமிழும், கணக்கு நேராகிவிடும். என் நைனா அப்படி அளந்ததைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் நான். சுவரில் கீறிய கோட்டிலிருந்து மணல் மட்டம் வரைக்கும் டேப்பைப் பிடித்தேன். உன் கால் மணலுக்குள் எவ்வளவு போயிருந்தது என்று நான் குனிந்து பார்க்கவில்லை. கடையில் சிமென்ட் தரையில் நிற்க வைத்து ஊராரை அளக்கிறவன், வீட்டுக்கு வந்ததும் கழி வெட்டுகிறவன் மகனாகிவிட்டேன்.

என் கணக்குப்படி பச்சையில் பதினெட்டு. உன் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. ஏலம் நடக்கிற இடத்தில், அத்தனை பேர் முன்னால், "மாப்ள, தங்கச்சிக்குக் காலு நீட்டு. நீலத்துல பெர்சா ஒண்ணு வாங்கு" என்றார்.

"மச்சான், நீ படவப் பாரு. சைக்கிள நான் பாத்துக்கறேன். என் அளவு தப்பாப் போச்சுனா மீசைய எடுத்துடறேன்."

இப்படிச் சொன்னவனுக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. மீசை வேறு நன்றாக இருக்கும்.

பச்சை சைக்கிளை நானே பூட்டி, நானே பொன்னேரியிலிருந்து மிதித்துக் கொண்டுவந்தேன். சீட்டை என் கணக்குக்கு வைத்து, கீறல் போட்டு, இறுக்கிக் கொடுத்தேன். நீ தெருமுனை வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பி வந்தாய். உன் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"எப்டி கீது?" என்று கேட்டேன்.

அவரை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தாய். "கரீட்டா கீதுயா" என்றாய்.

நான் மீசையைத் தடவிக்கொண்டேன். அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் உன் சைக்கிள் கதைதான். "என் வீட்டம்மாவுக்கு நாலு மாசம் பார்த்து வாங்கினேன், அரை விரல் தப்பவில்லை" என்று சொல்வேன். உனக்குச் செயினுக்கு எண்ணெய் போட்டிருக்கிறேன், பிரேக் கட்டை மாற்றியிருக்கிறேன். சீட்டை மட்டும் தொட மாட்டேன். என் அளவு, அதைத் தொட என்ன இருக்கிறது என்ற திமிர்.

அந்த முதல் இரண்டு வருஷம் நீ சாயந்தரமானால் முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். ஏன் என்று கேட்டால், "ஏலத்துல நின்னு நின்னு வலிக்காதா?" என்பாய். பிறகு எண்ணெய் தேய்ப்பது நின்றுபோனது. வலி போய்விட்டது என்று நினைத்தேன், ஏன் போனது என்று யோசிக்கவில்லை. அந்த நாளிலிருந்து உன் பையில் ஒரு ஸ்பானர் குடியேறியது. வெற்றிலை, சில்லறை, ஸ்பானர். "இன்னாத்துக்குமே இது?" என்றால், "நாய் தொரத்துனா வீச" என்பாய். ஸ்பானரைப் பார்த்தும் சந்தேகப்படாத ஃபிட்டர் இந்தப் பழவேற்காட்டுப் பக்கத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

மகளுக்கு நெல் விளைகிற ஊர்ப்பக்கம் ஒரு பால்வாடியில் வேலை கிடைத்திருக்கிறது. நீ மீன் கொண்டுபோன அதே ரோடு. உன் சைக்கிளைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றாள். நேற்று அவளை வீட்டுக்குள் சிமென்ட் தரையில் நிறுத்தி அளந்தேன். உன் எண்ணைவிடக் கிட்டத்தட்ட நான்கு விரல் கூட வந்தது. உன் பாவாடைகளை அவள் மடித்துத் தைக்காமல் அப்படியே கட்டுகிறவள். அவள் கால் எப்படி உன் காலைவிட நான்கு விரல் நீளும்? ராத்திரி முழுக்கப் புரியவில்லை. காலையில் பைப்பைப் பார்த்த பிறகு, எழுந்து வெளியே போய், சுவரை ஒட்டி மணலில் நின்றேன். சுண்ணாம்புக்கு அடியிலும் அந்த ஆணிக் கீறல் தடவினால் கைக்குத் தட்டுகிறது. குனிந்து என் காலைப் பார்த்தேன். மணல் கணுக்கால் வரைக்கும் மூடியிருந்தது.

சீட்டை மறுபடி பூட்டிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி பஜாருக்குப் போனேன். டச்சுக் கல்லறைக்கு எதிரே டீ போடுகிற அக்கா, எலும்புக்கூடு செதுக்கிய அதன் வாசல் பக்கம் பார்த்தபடியே, "இந்தச் செவுத்துலதான் சாச்சு வெப்பா" என்றாள். நான் கேட்கவே இல்லை. சைக்கிளைப் பார்த்ததும் தானாக வந்துவிட்டது.

அவள்தான் எல்லாவற்றையும் சொன்னாள். கல்லறை பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரம்மா, ஆறடி இருப்பாளாம், நீ மிதித்து வந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாளாம். அவள் ஊர் ஹாலந்து. அங்கே எல்லாரும் சைக்கிள்தானாம். உன் முழங்காலைத் தொட்டுக் காட்டி, சீட்டைத் தொட்டுக் காட்டி, உள்ளங்கையை மேலே மேலே தூக்கினாளாம். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாயாம். கம்பெனி பைப்பை அவ்வளவு தூரம் ஏற்ற முடியாததால், அடுத்த வாரம் சைக்கிளில் நீளமான புது பைப் இருந்ததாம். அன்றையிலிருந்து தினமும் காலையில் இந்தச் சுவரோரம் நிறுத்தி, ஸ்பானரை எடுத்து, சீட்டைச் சிவப்புக் கோடு வரைக்கும் ஏற்றுவாயாம். திரும்பி வரும்போது அதே இடத்தில் கீறல் வரைக்கும் இறக்கி, கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வருவாயாம்.

"தெனமும் இன்னாத்துக்குடி ஏத்தற, எறக்கற, ஏத்தியே வெச்சிக்கினா இன்னானு கேட்டேன்பா. அதுக்கு இன்னா சொல்லுச்சு தெரியுமா? அந்தாளு நாலு மாசம் மண்டைய ஒடச்சிக்கினு வாங்கினது அக்கா. தப்புனு தெரிஞ்சுதுனா அப்பாலே எந்த சைக்கிளையும் தைரியமா பூட்ட மாட்டாருனு சொல்லுச்சு. மீச வேற பூடும்னு சொல்லிச் சிரிச்சுது."

எட்டு வருஷம். மழை நாளிலும் பண்டிகை நாளிலும் காய்ச்சலோடு போன நாளிலும். எனக்கு உன்மேல் கோபம் வந்தது. நடுத்தெருவில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று, உயிரோடு இருக்கிறவளைத் திட்டுவது போல உன்னை மனசுக்குள் திட்டினேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு நாளில் வேறு ஃபிரேம் மாற்றியிருப்பேன். ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பேன், அவ்வளவுதானே?

ஆனால் யாரிடம் கோபப்படுவது? "கரீட்டா கீது" என்று நீ சொன்னாய். அந்த பதில் எனக்கு இனித்தது. அதனால் மறுபடி கேட்கவில்லை. போன மழைக்காலத்தில் நீ இடுப்புக்கு மேலே கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு சமையல் செய்தபோதும், "இன்னாமே?" என்று ஒரு தடவை கேட்டேன். "ஒண்ணியும் இல்ல. கரீட்டா கீது" என்றாய். நான் சோற்றைப் பிசைந்தேன். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில், எத்தனை நாளாக வலி என்று டாக்டர் கேட்டார். ஒரு வாரம் என்று நான் சொன்னேன். நீ என் முகத்தைப் பார்க்காமல், "ஆறு மாசம்" என்றாய். அந்த ஆறு மாதமும் ஒரு கை தூரத்தில்தான் படுத்திருந்தாய். மூன்று கம்பெனி ஃபிரேமையும் விரல் விரலாக அளந்தவனுக்கு அந்த ஒரு கை தூரத்தை அளக்கத் தெரியவில்லை. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்ததும் மீசையை எடுத்தேன். உன் காரியத்துக்கு ஒரு தடவை எடுத்து, மறுபடி வளர்ந்திருந்தது. அது நீ போனதற்கு எடுத்தது. இது நான் தோற்றதற்கு. உன் அண்ணன் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார். "யாரு மாப்ள? எந்த வூட்ல சாவு?" என்றார்.

"யாரும் இல்ல மச்சான். அளவு தப்பாப் போச்சு. நான் சொன்ன சொல்லு."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கட்டும் என்றுதான் போனேன். அவர் வலையைக் கீழே வைத்தார்.

"அந்த பைப்ப அறுத்துக் குடுத்ததே நான்தான் மாப்ள" என்றார். "என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சு."

மறுபடி வலையை எடுத்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து வலை பிரித்தேன். ஏரிக்குப் போகாத எனக்கு அந்த ஒரு வேலை மட்டும் மறக்கவில்லை.

சாயந்தரம் சீட்டை உன் சிவப்புக் கோட்டுக்கு வைத்து இறுக்கி, மகளைக் கூப்பிட்டேன். சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, பெடலை ஒரு சுற்று சுற்றினாள்.

"எப்டி கீது?"

"கரீட்டா கீது நைனா."

அப்படியே உன் குரல். சைக்கிளை விட்டுவிட்டு, அவள் பக்கத்தில் மணலில் குந்தி உட்கார்ந்து, முழங்காலைப் பார்த்தேன். பெடலில் அவள் பாதத்தைப் பார்த்தேன்.

"இன்னொரு வாட்டி கேக்கறேன். என் மனசுக்காகச் சொல்லாத. எப்டி கீது?"

அவள் என்னைப் பார்த்தாள். மீசை இல்லாத முகத்தைப் பார்த்துச் சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல இருந்தது. பிறகு மெதுவாக, "கொஞ்சூண்டு எறக்கணும் நைனா. கீழ போவும்போது காலு எட்டல" என்றாள்.

அரை விரல் இறக்கினேன். உன் கோட்டை அழிக்கவில்லை. அதற்கு அரை விரல் மேலே அவளுக்கென்று ஒரு கோடு போட்டேன். இரண்டாவது தடவை கேட்பதற்கு இவ்வளவு நேரம்தான் ஆகிறது.